மாஸ்டர்ஸ் மீட்: ஈவண்ட் வரிசை நம்மை நீந்த விடுவதில்லை

கேள்வி: கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், ஜூன் 9, 2025

"நேற்று நடந்த மாஸ்டர்ஸ் மீட்டில் (25 வயது முதல் பெரியவர்களுக்கான நீச்சல் போட்டி) 50 ஃப்ரீ (50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்) முடித்துத் துண்டை எடுப்பதற்குள் 50 ஃப்ளைக்குக் (பட்டர்ஃப்ளை) கூப்பிட்டுவிட்டார்கள். ஃப்ளையில் பாதிக் குளம் தாண்டியதும் கை எழவில்லை. மேசையில் போய்க் கேட்டால், 'பொழுதுபோக்குக்கு நீந்துறீங்க, இதுல என்ன சார் இவ்ளோ சீரியஸ்?' என்கிறார்கள். எல்லா மீட்டும் இப்படித்தானா, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா?"

ஜூன் 9, திங்கள் இரவு

உங்களுக்கு மட்டும் இல்லை. அதே மீட்டில் நானும் இருந்தேன், அதே இரண்டு ஈவண்டுக்கும் பேர் கொடுத்திருந்தேன். வராதவர்களுக்கும் புரியட்டும், வரிசை இதுதான்: பெண்கள் 50 ஃப்ரீ, ஆண்கள் 50 ஃப்ரீ, பெண்கள் 50 ஃப்ளை, ஆண்கள் 50 ஃப்ளை. ஆண்களுக்கு நடுவில் கிடைப்பது பெண்கள் ஃப்ளை நடக்கும் நேரம் மட்டும். ஃப்ளைக்குப் பேர் கொடுத்த பெண்கள் குறைவு, நான்கு ஹீட்டில் (சேர்ந்து குதித்து நீந்தும் ஒவ்வொரு குழுவும் ஒரு ஹீட்) முடிந்துவிட்டது. ஏழெட்டு நிமிடம். ஃப்ரீயில் கடைசி ஹீட் நீந்தியவருக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஏணியில் ஏறி, கண்ணாடியைக் கழுவி, நீந்தப் போகிறவர்களை வரிசைப்படுத்தும் கால் ரூம் (call room) வரை நடந்து போவதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டாயிற்று.

50 ஃப்ரீ நீந்துகிற ஆள்தான் 50 ஃப்ளையும் நீந்துவார். இது குளத்தில் இரண்டு வாரம் நின்று பார்த்த யாருக்கும் தெரியும். அதே மீட்டில் பிரெஸ்ட் (பிரெஸ்ட் ஸ்ட்ரோக்) ஆட்களைக் கேளுங்கள்: 50 பிரெஸ்ட் காலையில் ஆரம்பத்திலேயே, 100 பிரெஸ்ட் கடைசிக்கு முந்தையது. நடுவில் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் மூச்சு வாங்க நேரம் இல்லை, இன்னொரு பக்கம் உடம்பு ஆறிப்போகும் அளவுக்கு நேரம்.

"இதுல என்ன சீரியஸ்" என்று கேட்டவருக்கு என் பதில்: நான் மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமை சி ஷிப்ட்டை, அதாவது இரவு ஷிப்ட்டை, இன்னொருவர் எனக்காக எடுத்துக்கொண்டார், அவர் ஏற்கனவே பி ஷிப்ட் பார்த்துவிட்டு நின்றவர். அவர் எனக்குக் கொடுத்த அந்த இரவை நான் ஏழு நிமிட இடைவெளியில் தொலைக்க விரும்பவில்லை. 52 வயதில் 50 மீட்டரை ஒரு விநாடி குறைத்து நீந்த எத்தனை காலை எழ வேண்டும் என்று நீந்துகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு இது சீரியஸ்தான்.

ஜூன் 10

"ஏழு நிமிடம் போதாதா, டிவியில் சின்னப் பசங்க நீந்துகிறார்களே" என்று கேட்டிருக்கிறார்கள்.

முழு வேகத்தில் நீந்தும்போது தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் முதல் பத்து விநாடி வாக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை உடைத்துத்தான் உடம்பு ஓடுகிறது, லாக்டேட் ஏறுகிறது. கிரியேட்டின் பாஸ்பேட் சில நிமிடத்தில் மறுபடி நிரம்பிவிடும். லாக்டேட் அப்படி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 20 நிமிடம் போல ஆகும். மெதுவாக நீந்திக்கொண்டிருந்தால் சீக்கிரம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மெதுவாக நீந்த இடம் எங்கே இருந்தது? பக்கத்துச் சின்னக் குளத்துக்குப் பூட்டு. பெரிய குளத்தின் ஓர லேனை விடுங்கள் என்று கேட்டோம், அதிலும் ஹீட் ஓடுகிறது என்றார்கள்.

டிவியில் பார்த்ததைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் லியோன் மார்ஷான் 200 ஃப்ளை, 200 பிரெஸ்ட் இரண்டிலும் ஒரே மாலையில் தங்கம் வாங்கினார். இரண்டு ஃபைனலுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. 22 வயசுப் பையனுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் மெதுவாக நீந்தி ஆற்றிக்கொள்ள ஒரு கூல் டவுன் குளத்தோடு. நாம் இரண்டு மணி நேரம் கேட்கவில்லை. அரை மணி கேட்கிறோம்.

ஜூன் 12

நேற்று பெரம்பூர் நண்பர் ஒரு செய்தி சொன்னார், அது மனதை விட்டுப் போகவில்லை. நிர்வாகத்தில் ஒருவர் அவரிடம், "200 ஃப்ளைக்கு ஆளே வரதில்லை, அடுத்த வருஷம் எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றாராம்.

வரிசையை எடுத்துப் பாருங்கள். 9, 10 என்ற எண்களில் 400 ஐஎம் (நான்கு ஸ்டைலையும் ஒருவரே நீந்தும் இண்டிவிஜுவல் மெட்லி), 11, 12ல் 200 ஃப்ளை. நம் ஊரில் பெரியவர்களில் 200 ஃப்ளையை முழுசாக நீந்தக்கூடியவர்கள் யார்? 400 ஐஎம் நீந்துகிற அதே ஆட்கள். ஆளுக்கு மூன்று தனி ஈவண்ட்தான் என்று விதி வேறு. 400 ஐஎம் முடித்துவிட்டு வாந்தி வராமல் நிற்பதே பெரிய காரியம், உடனே 200 ஃப்ளை யார் எடுப்பார்? எடுக்க மாட்டார்கள். அப்புறம் அந்தத் தாளைக் காட்டி, பார், ஆள் இல்லை என்கிறார்கள்.

பேர் வராததால் அந்த ஈவண்டுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை. நல்ல இடம் இல்லாததால்தான் பேர் வரவில்லை. வரிசை போடுகிறவர்தான் யார் எதை நீந்தலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறார், அவருக்கே அது தெரியாமல். நான் இந்த இழையில் சொல்ல வந்தது இதைத்தான். ஓய்வு கிடைக்கவில்லை என்பதைவிட இது எனக்குப் பெரிய கவலை.

இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' தகுதி நேரத்தை முதன்முதலாகத் தொட்டது எந்த ஈவண்டில்? 200 ஃப்ளையில். 2021 ஜூனில் ரோமில் சஜன் பிரகாஷ், 1:56.38. அந்த ஈவண்டையா ஆள் இல்லை என்று எடுக்கப் போகிறோம்?

ஜூன் 14, சனி

சி ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வரவில்லை. அன்றைய நாளை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ரிப்போர்ட்டிங் 6:30. திருவொற்றியூரில் ஐந்து மணி வாக்கில் மெட்ரோ ஏறினேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததால்தான் இது முடிகிறது. அதற்கு முன்பெல்லாம் இப்படி ஒரு மீட் என்றால் முந்தைய நாளே தெற்கே சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுக்க வேண்டும். மீட்டெல்லாம் நகரத்தின் அந்தக் கோடியில்தானே நடக்கிறது. நாம் இங்கே 25 மீட்டர் குளத்தில் பழகிவிட்டு அங்கே போய் 50 மீட்டரில் குதிக்கிறோம்.

7 மணிக்கு வார்ம் அப். 7:45க்கு எல்லாரையும் ஏற்றிவிட்டார்கள். முதல் ஈவண்ட் 8 மணி என்று அச்சடித்திருந்தது. சிறப்பு விருந்தினர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். அவர் வரும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஈர உடையோடு இரண்டு மணி நேரம். வார்ம் அப்பில் ஏறிய சூடு அரை மணி தாண்டினால் இறங்கிவிடும், அதற்கு மேல் அது வார்ம் அப்பே இல்லை.

அப்புறம் குத்துவிளக்கு. குளக்கரையில் நல்ல காற்று. ஒரு முகத்தை ஏற்றினால் மற்றது அணைகிறது. கடைசியில் டைம் கீப்பராக வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்தாள், அப்போதுதான் ஐந்து முகமும் எரிந்தது. அந்தப் பெண் அன்று மாலை மூன்று மணி வரை ஆறாவது லேன் முனையில் ஸ்டாப் வாட்சோடு நின்றாள். யாரும் அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை, பொன்னாடையெல்லாம் முன்வரிசைக்கே போயிற்று.

பிறகு மார்ச் பாஸ்ட், உரை, சின்னப் பிள்ளைகளின் ஈவண்டுகள். மாஸ்டர்ஸை அவற்றுக்கு இடையில் செருகியிருந்தார்கள். எந்த ஈவண்ட் எத்தனை மணிக்கு என்று எங்கேயும் இல்லை. ஹீட் ஷீட் ஒரே ஒரு பிரதி, சுவரில் ஒட்டியிருந்தது. ஈரக் கை பட்டுப் பட்டு மை கரைந்து, மூன்றாவது பக்கத்தில் லேன் எண்ணே தெரியவில்லை. எல்லாரும் பால் பாயிண்ட் பேனாவில் முன்கையில் எழுதிக்கொண்டோம்: ஈவண்ட், ஹீட், லேன். முதல் ஈவண்டில் குதித்ததும் அதுவும் போயிற்று.

ராயபுரத்துப் பெரியவரை உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், 74 வயது. அவருக்கு அன்று 50 பேக் (மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்) மட்டும்தான், அப்புறம் எங்களோடு ரிலே. நீந்துவதற்கு முன் சாப்பிட மாட்டார், காலையில் இரண்டு இட்லி, அவ்வளவுதான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் நடுவில் ஏதாவது சாப்பிட்டிருப்பார். தெரியாததால் "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று உட்கார்ந்தே இருந்தார். பன்னிரண்டரைக்கு அவர் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. கொளத்தூர் அக்கா தன் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அதை மென்றுகொண்டே பெரியவர் சொன்னார்: "தம்பி, காலையில 70-74ல பேர் குடுத்தேன். கூப்பிடும்போது 75-79 ஆயிடுவேன் போலிருக்கே." சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தோம்.

அவரை ஒன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். தரை கொதிக்கிறது. பேக் என்பதால் அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார், தப்பித்தார். டைவ் அடிக்கிறவர்களுக்காக ஒரு பையன் ஒவ்வொரு ஹீட்டுக்கு முன்னும் மக்கில் தண்ணீர் மொண்டு ஸ்டார்ட்டிங் பிளாக் மேல் ஊற்றிக்கொண்டே போனான், ஊற்றிய வேகத்தில் காய்ந்தது.

நீந்தி முடித்ததும் பெரியவரை மகன் வந்து அழைத்துப் போய்விட்டார். சரியான முடிவு. எங்கள் ரிலே போயிற்று. 46, 52, 58, 74, கூட்டினால் 230. ரிலேயில் நாலு பேர் வயதையும் கூட்டித்தானே பிரிவு, 200-239ல் வந்திருப்போம். அந்த 58 வயதுக்காரர் புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ரிலேக்காக மட்டும் வந்தவர். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் திரும்பிப் போனார்.

ஜூன் 15

கொளத்தூர் அக்கா கூப்பிட்டுப் பேசினார். "நீ எழுதினதுல பாதி சரி. ஆனா முதல்ல யாரைத் தண்ணியில இறக்குறாங்கன்னு பாத்தியா?" என்றார். எல்லா ஈவண்டிலும் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மரியாதைக்காக வைத்தது போல இருக்கும். ஆனால் காலை முதல் ஈவண்ட் 400 ஃப்ரீ. பெண்களுக்கு ஒரே ஒரு உடை மாற்றும் அறை, அதில் பள்ளிப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும். அந்த வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வருவதற்குள் வார்ம் அப் முடிந்துவிடுகிறது. வார்ம் அப்பே இல்லாமல் 400 நீந்துவது எப்போதும் பெண்கள்தான். ஆண்களுக்கு, பெண்களின் ஹீட் முடியும் வரை நேரம் கிடைக்கிறது.

அக்கா கேட்பது சின்ன விஷயம்: ஒரு மீட்டில் பெண்கள் முன்னால் என்றால் அடுத்த மீட்டில் ஆண்கள் முன்னால். அல்லது ஒரே நாளில் பாதிக்குமேல் மாற்றிவிடலாம். இதை நான் யோசித்ததே இல்லை, என் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாத விஷயம் இது.

ஜூன் 17

சின்னப் பதில். டிசம்பர் மாதத்தில் 50 முடிகிறவர் எந்தப் பிரிவு என்று கேட்டவருக்கு: உலக நீச்சல் அமைப்பின் மாஸ்டர்ஸ் விதிப்படி அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு. ஆகவே நீங்கள் இந்த ஆண்டு முழுக்க 50-54தான். 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவு.

ஜூன் 21

நேரம் எங்கே போகிறது என்று தாளை வைத்துக் கணக்குப் போட்டேன். விருந்தினரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அவர் எடுத்தது ஒன்றேமுக்கால் மணி நேரம்தான். மிச்சம் எங்கே போனது?

ஒவ்வொரு வயதுப் பிரிவையும் தனித்தனி ஹீட்டாக விட்டிருக்கிறார்கள். 25-29 தொடங்கி 80-84 வரை பன்னிரண்டு பிரிவு. எட்டு லேன் குளம். உதாரணத்துக்கு 50 ஃப்ரீயில் 60 ஆண்கள், 25 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். வயதுப்படி விட்டால் ஒரு பிரிவில் பதினோரு பேர், அதற்கு இரண்டு ஹீட். இன்னொன்றில் ஒரே ஒருவர், அவருக்கும் ஒரு ஹீட். ஆண், பெண் சேர்த்து இருபத்தைந்து ஹீட்டுக்குக் குறையாது. வயதைப் பார்க்காமல், ஒரே வேகத்தில் நீந்துகிறவர்களைச் சேர்த்து நேரப்படி விட்டால் ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. பெரியவர்கள் ஏறி இறங்க ஹீட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு ஈவண்டிலேயே இருபத்தைந்து நிமிடம் மிச்சம். 400ல் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே ஒரு ஹீட்டே பத்து நிமிடம் போகும்.

இது நான் கண்டுபிடித்தது அல்ல. மாஸ்டர்ஸ் விதியிலேயே வயதுப் பிரிவுகளைச் சேர்த்து ஹீட் போடலாம் என்று இருக்கிறது, யாரும் தனியாக நீந்த வேண்டியதில்லை என்பதற்காகவே. பதக்கம் வயதுப் பிரிவுப்படிதான், அதில் மாற்றம் இல்லை. யாரோடு சேர்ந்து நீந்துகிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது.

அன்று 80-84ல் ஒருவர் எட்டு லேன் குளத்தில் தன்னந்தனியாக 100 ஃப்ரீ நீந்தினார். எல்லாரும் கை தட்டினோம். ஆனால் பக்கத்து லேனில் அவர் வேகத்தில் ஒரு 60 வயதுக்காரர் இருந்திருந்தால் அவர் இன்னும் வேகமாக வந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

ஜூன் 23

எதிர்பார்த்த மறுப்பு வந்திருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து: "என் வயசுக்காரன் பக்கத்து லேன்ல இல்லன்னா அது என்ன போட்டி? அவன் ரெண்டு ஹீட் முன்னாடி நீந்திட்டுப் போயிட்டான்னா நான் கடிகாரத்தோடவா மோதுறது?"

நியாயம்தான். அவரும் 45-49ல் இருக்கும் இன்னொருவரும் பள்ளி நாளிலிருந்து மோதிக்கொள்கிறவர்கள் என்று தெரியும். இரண்டு நாள் யோசித்தேன். ஒரே வேகத்தில் நீந்துகிற இருவர் எண்ட்ரி நேரத்தை (பேர் கொடுக்கும்போது எழுதும் தங்கள் நீச்சல் நேரத்தை) சரியாகக் கொடுத்தால் நேரப்படியும் ஒரே ஹீட்டில்தான் வருவார்கள். பிரச்சினை வருவது ஒருவர் உண்மையான நேரம் கொடுத்து மற்றவர் கொடுக்காதபோதுதான். இருந்தாலும் 50, 100ல் ஒரு பிரிவில் ஆறு பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்குத் தனி ஹீட் விடலாம், மீதியைச் சேர்த்துவிடலாம் என்று இப்போது நினைக்கிறேன். 200க்கு மேல் எல்லாமே நேரப்படி. இதில் வியாசர்பாடிக்காரருக்கும் சம்மதம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று பள்ளிப் பிள்ளைகளின் மீட் ஒன்றில் டைம் கீப்பராக நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுப் போனது. சில விஷயம் புரிந்தது.

குளம் மதியம் 2 மணி வரைதான் கையில். அதற்கப்புறம் பொதுமக்கள் பேட்ச். ஒரு நிமிடம் கூடக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைகளின் எண்ட்ரி கட்டணத்தில்தான் குளத்து வாடகை, பதக்கம், சாப்பாடு எல்லாம் நடக்கிறது. மாஸ்டர்ஸ் மட்டும் தனியாக வைத்தால் கையைக் கடிக்கும். அதனால்தான் நம்மை நடுவில் செருகுகிறார்கள். அலட்சியம் மட்டும் காரணம் இல்லை.

இன்னொன்று, ஹை-டெக் மீட் மேனேஜர் மென்பொருளைத்தான் அங்கேயும் வைத்திருந்தார்கள். ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் எத்தனை விநாடி என்று கொடுத்தால் எந்த ஈவண்ட் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று அதுவே அச்சடித்துத் தருகிறது. பேக் ஈவண்டுக்குக் கூடுதல் விநாடி போடக்கூட அதில் இடம் இருக்கிறது. கணினியில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் கேட்டேன், "இதை ஏன் ஒட்டறதில்ல?" "ஒட்டினா அந்த நேரத்துக்கு நடக்கலன்னு சண்டைக்கு வராங்க அண்ணா" என்றான். வரட்டுமே என்று தோன்றியது. இருபது நிமிடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, பெரியவர் ஒருவர் எப்போது சாப்பிடலாம் என்றாவது தெரியும்.

அதே தம்பி நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் காட்டினான். மாஸ்டர்ஸ் எண்ட்ரியில் மூன்றில் ஒரு பங்கு போல எண்ட்ரி நேரம் எழுதாமலே வருகிறதாம். நேரம் இல்லாதவரை மென்பொருள் மெதுவான ஹீட்டில் போட்டுவிடும். அவர் 32 விநாடியில் முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். நேரம் தெரியாமல் கால அட்டவணை எப்படிப் போடுவது? கடிகாரம் பார்த்து ஒரு முறை நீந்திவிட்டு எழுதி அனுப்புங்கள். இதை ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூலை 6

ஐந்து பேர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தாயிற்று. பெரம்பூர் நண்பர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன எழுதினோம் என்று கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஈவண்ட் வரிசையையும் தோராயமான நேரத்தையும் எண்ட்ரி வாங்கும் முன்பே வெளியிட வேண்டும். வரிசை தெரிந்தால்தான் எந்த மூன்றை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். உலக மாஸ்டர்ஸ் போட்டி இந்த ஆகஸ்டில் சிங்கப்பூரில், அங்கே ஆளுக்கு ஐந்து தனி ஈவண்ட். ஆனால் பல நாள் நடக்கிற மீட் அது, எந்த நாளில் எது என்று முன்பே தெரியும். நாம் ஒரு நாளில் மூன்றுதான் கேட்கிறோம். 50 ஃப்ரீயும் 50 ஃப்ளையும் அடுத்தடுத்து வேண்டாம், நடுவில் ஒரு 200ம் ஒரு 100ம் இருக்கட்டும். 400 ஐஎம்மும் 200 ஃப்ளையும் நாளின் இரண்டு முனைகளில் இருக்கட்டும். 70க்கு மேற்பட்டவர்களின் ஈவண்ட் 11 மணிக்குள் முடியட்டும். ஓர லேன் ஒன்றைக் கூல் டவுனுக்கு விடுங்கள். விருந்தினர் எப்போது வந்தாலும் வரவேற்கிறோம், ஆனால் நீச்சல் 8 மணிக்குத் தொடங்கட்டும், பரிசளிப்பில் அவர் கௌரவிக்கட்டும்.

400 எங்கே வர வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்துப் போகவில்லை. நான் முதலில் வேண்டும் என்றேன், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், வெயில் இல்லை. அக்கா கூடாது என்றார், காரணம் மேலே இருக்கிறது. முந்தைய நாள் மாலை வைக்கலாம் என்றார் பெரம்பூர்க்காரர், பல பெரிய மீட்டுகளில் நீண்ட தூரத்துக்குத் தனி வேளைதான். ஆனால் சனிக்கிழமை மாலை என்பது ஷிப்ட்காரனுக்கும் கடைக்காரனுக்கும் வேலை நேரம். அதை முடிவு செய்யாமல் விட்டுவிட்டோம்.

ஜூலை 13

"வட சென்னையில இதுக்கெல்லாம் எத்தனை பேர் நீந்துறாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மீட்டைப் பற்றிய கேள்வி இல்லைதான், ஆனால் விட மனமில்லை.

எண்ணூர் கழிமுகத்தில் நீந்திப் பழகியவன் நான். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று பார்த்துத்தான் இறங்குவோம். என் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவிட்டு நடுவில் விட்டுவிடுவான். காசிமேட்டில், நெட்டுக்குப்பத்தில் எத்தனையோ பேர் நடக்கத் தெரிந்த கையோடு நீந்தத் தெரிந்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது படகும் வலையும் கருத்துப் போய்க் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே என் பிள்ளைகளை நான் இறக்கவில்லை. குளத்துக்குத்தான் அனுப்பினேன், மாதக் கட்டணம் கட்டி.

ஆள் இருக்கிறார்கள். காலை 6:30க்குத் தெற்குக் கோடியில் வந்து நிற்கச் சொன்னால் வருகிறவர்கள் குறைவு. இதுவும் நான் 200 ஃப்ளைக்குச் சொன்ன கதைதான். பெரியமேட்டில் மை லேடி பூங்காவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். சின்ன மீட் ஒன்றையாவது இந்தப் பக்கம் வைக்கச் சொல்லி அடுத்த கடிதம் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 3

அடுத்த மீட்டின் சுற்றறிக்கை வந்துவிட்டது. செப்டம்பர் கடைசி ஞாயிறு. முதல் முறையாக ஈவண்ட் வரிசையும் நேரமும் எண்ட்ரி படிவத்தோடு சேர்ந்து வந்திருக்கின்றன. 50 ஃப்ரீ 8:40, 50 ஃப்ளை 10:15. நடுவில் 200 பேக்கும் 100 பிரெஸ்டும். 200 ஃப்ளையை எடுக்கவில்லை, அது காலையில் மூன்றாவது, 400 ஐஎம் கடைசிக்கு முன். 70க்கு மேல் எல்லாருக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள். அக்கா கேட்டபடி பாதி நாளுக்கு மேல் ஆண்கள் முன்னால்.

நடக்காதவை: கூல் டவுன் லேன் பற்றிப் பேச்சே இல்லை. ஹீட் இன்னும் வயதுப்படிதான், 400 மட்டும் நேரப்படி. தொடக்க விழா 7:50 என்று போட்டிருக்கிறார்கள், பார்ப்போம். ஒரு பெரம்பூர் ஆளும் ஒரு தண்டையார்பேட்டை ஆளும் 200 ஃப்ளைக்கு ஏற்கனவே பேர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் நாலு பேர் கொடுத்தால் அடுத்த வருடம் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

எண்ட்ரி ஆகஸ்ட் 24 வரை. எண்ட்ரி நேரம் எழுதாத படிவத்தை அனுப்பாதீர்கள். மெட்லி ரிலே (நாலு பேர், ஆளுக்கு ஒரு ஸ்டைல்) 10:50க்கு வைத்திருக்கிறார்கள், பெரியவருக்கும் அந்த நேரம் சரிப்படும் என்று சொல்லிவிட்டார். பேக் அவர், பிரெஸ்ட் புதுவண்ணாரப்பேட்டைக்காரர், ஃப்ரீ நான். கொருக்குப்பேட்டைக்காரரே, ஃப்ளை உங்களுக்குத்தான். 10:15க்கு 50 ஃப்ளை, 10:50க்கு ரிலே, நடுவில் முப்பத்தைந்து நிமிடம். பிறந்த தேதிச் சான்றின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றாகக் கட்டிவிடுகிறேன்.